ரப்பர் அக்காவின் அரை அங்குலம்

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அப்படிச் சொன்னவர் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. இங்கே தலைக்கு மேலே போகிற வெள்ளத்தைத்தான் சாண் சாணாக அளந்து, சான்றிதழ் கொடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். வருடத்தில் ஒன்பது மாதம் இது ஒரு தூங்குமூஞ்சி ஊர். மத்தியானம் தபால் நிலையத்தில்கூட ஆள் இருக்காது. குளிர் பிறந்ததும் நடுக்கடலில் எங்கோ அடிக்கிற புயலின் உதறல் இந்தக் கரைக்கு வந்து சேரும். ஏழு மாடி, எட்டு மாடி உயரத்துக்குத் தண்ணீர் எழுந்து நிற்கும். உடனே உலகத்தில் உள்ள அரைக்கிறுக்கர்கள் அத்தனை பேரும் அலைமேல் நின்று சறுக்கப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர்களை வேடிக்கை பார்க்க முழுக்கிறுக்கர்கள் கேமராவோடு பாறை மேட்டில் வந்து குவிவார்கள்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் பிழைப்பு நடத்துகிறவள் ரப்பர் அக்கா. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. மின்கட்டண ரசீதில் மட்டும் அது இருக்கிறது.

துறைமுகத்துக்கு இறங்கும் சாய்வுத் தெருவில் மூன்று மாடிக் கட்டிடம். மேலே இரண்டு மாடியும் அவள் கணவர் நடத்தும் லாட்ஜ். எந்த அறைக்குப் போனாலும் மெத்தையில் மணலும் குளியலறையில் ஈரத்துண்டும் இருக்கும். கீழே தெருவைப் பார்த்தபடி அவள் தையற்கடை. ஆரம்பத்தில் பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, லாட்ஜுக்குத் தலையணை உறை என்று தைத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒருவன் குளிர்கடலில் இறங்கப் போடுகிற, முட்டியில் கிழிந்த ரப்பர் உடையைக் கொண்டுவந்து, "இத ஒட்டித் தர முடியுமா" என்று கேட்டான். முடியாது என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லாததால் வாங்கி வைத்துக்கொண்டாள். மூன்று முறை தைத்தாள், மூன்று முறையும் தண்ணீர் புகுந்தது. துணி என்றால் ஊசி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரலாம். ரப்பரில் அப்படி வந்தால் ஊசி போன ஓட்டை வழியாகவே கடலும் வரும். முதலில் ஓரங்களைப் பசையால் ஒட்ட வேண்டும், பிறகு ஊசியைப் பாதிக் கனம் மட்டும் இறக்கி அதே பக்கத்தில் வெளியே எடுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று. அடுத்த குளிர்காலத்திலிருந்து அலை ஏறுகிறவர்கள் எல்லோரும் அவள் கடை வாசலில்தான்.

வீரர்கள் என்று ஊர் அவர்களைச் சொல்லும். அவள் சொல்ல மாட்டாள். பாறை மேட்டில் நின்று கைதட்டுகிறவர்களுக்கு அவர்கள் வீரர்கள். இடுப்பில் துண்டோடு அவள் முன் நின்று, டேப் வயிற்றுக்கு வரும்போது மூச்சை உள்ளே இழுப்பவர்களை அவள் அப்படிக் கூப்பிட முடியாது. "மூச்ச விடு தம்பி, உள்ள இழுத்தா தண்ணிக்குள்ள எப்படி மூச்சு விடுவ" என்பாள். அலையைப் பற்றிப் பேசினால் பத்தடியை இருபதடி ஆக்குவார்கள். இடுப்பைப் பற்றிக் கேட்டால் நாற்பதை முப்பத்தாறு ஆக்குவார்கள். உண்மை பேசுவது அவள் டேப் ஒன்றுதான் என்று அவளுக்கு ஒரு கர்வம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்ற சாதி அவள். அளவு நூல் பிசகினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தக் கர்வம்தான் அவளை வெளிநாட்டுக் குழு ஒன்றின் காகிதத்தில் கொண்டுபோய் மாட்டியது. எந்த அலை உலகத்திலேயே பெரியது என்று தீர்ப்புச் சொல்ல ஒரு குழு இருக்கிறது. அவர்கள் கடலுக்குள் கோல் நட்டு அளப்பதில்லை. புகைப்படத்தை வைத்து அளக்கிறார்கள். படத்தில் அலை மேல் நிற்கிற ஆளின் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஒரு அளவு, அலை அதைப்போல எத்தனை மடங்கு என்று கணக்கு. ஆகவே காலின் நிஜ நீளம் தெரிய வேண்டும். ஆளைக் கேட்டால் ஆள் புளுகுவான் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. 'உங்கள் ஊரில் எல்லோருக்கும் உடை தைப்பவர் நீங்கள்தான். கால் அளவுகளை அனுப்ப முடியுமா?' என்று எட்டு வருடத்துக்கு முன்னால் கடிதம் எழுதினார்கள். அவள் அளவு நோட்டைப் புரட்டி, வரிசையாக எழுதி அனுப்பினாள். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அனுப்புகிறாள். கணவர் அந்த முதல் கடிதத்தைச் சட்டம் போட்டு லாட்ஜ் வரவேற்பறையில் மாட்டி, அறை கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். குளியலறையில் வெந்நீர் வருமா என்று கேட்டவர்களுக்கும் அதையே காட்டினார்.

இனி அவள் தம்பி. அவளைவிட ஒன்பது வயது சின்னவன். அப்பா அம்மா இருவரும் மீன் பதப்படுத்தும் ஆலையில் ஷிஃப்ட் வேலைக்குப் போனதால் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் இவள்தான். அந்தக் குடும்பத்துக்கே உடம்பு நீளம், கால் குட்டை. நாற்பத்தொரு வயதில் அவனுக்கு வேலை ஜெட் ஸ்கி ஓட்டுவது. இவ்வளவு பெரிய அலையைக் கையால் துழாவிப் பிடிக்க முடியாது. ஜெட் ஸ்கியில் கயிறு கட்டி, ஆளை இழுத்துக்கொண்டுபோய் அலையின் முதுகில் விட வேண்டும். இருபது வருடமாக மற்றவர்களை இழுத்து விட்டான். விழுந்தவர்களைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். படம் பத்திரிகையில் வரும்போது அவன் இருந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டுப் போடுவார்கள்.

போன குளிர்காலத்தின் மிகப் பெரிய நாளன்று அவன் இழுத்துக்கொண்டுபோன வெளிநாட்டுக்காரர், காலையில் லாட்ஜில் மரணத்தைப் பற்றித் தத்துவம் பேசியவர், அலையை நேரில் பார்த்ததும் ஜெட் ஸ்கியிலேயே வாந்தி எடுத்துவிட்டார். வயிறு சரியில்லை என்றார். "சரி சார், நீங்க ஓட்டுங்க, நான் கயித்தப் பிடிக்கிறேன்" என்று தம்பி பலகையை வாங்கிக்கொண்டு குதித்தான். யோசித்துச் செய்தானா என்று பிறகு கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. அலை எழுந்தது, கயிற்றை விட்டான், நின்றான், கடைசிவரை நின்றான். பாறை மேட்டிலிருந்து நூறு கேமராக்கள் அதைப் பிடித்தன. அதற்குப் பிறகு அலை அவன் மேல் விழுந்தது. இரண்டு அலை நேரம் ஆள் மேலே வரவில்லை. வந்தபோது இடது காதில் ரத்தம். அந்தக் காது இன்றுவரை கேட்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? உலக சாதனை என்று மறுநாளே தெருவில் பேனர் கட்டிவிட்டார்கள். அதுவரை சாதனை வைத்திருந்தவளும் இதே ஊர்க்காரிதான், பல் டாக்டர். நெட்டையான பெண். ஊரில் முக்கால்வாசிப் பேர் வாயைப் பிளந்து அவள் முன் படுத்தவர்கள் என்பதால் அவளைப் பற்றித் தப்பாகப் பேச யாருக்கும் தைரியம் கிடையாது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் ஏறிய அலை எண்பது அடி.

குழுவின் கடிதம் வசந்தத்தில் வந்தது. நோட்டில் உள்ள கால் அளவுப்படி தம்பியின் அலை எழுபத்தொன்பது அடி. ஒரு அடி குறைவு. ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் புதிதாக அளந்து அனுப்பலாம் என்று கீழே ஒரு வரி.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தம்பி கடைக்கு வந்தான். அவள் அவனுடைய வலது காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அரை அங்குலம். அரையே அரை அங்குலம் கூட்டி எழுது. ரப்பர்ல வெட்டுனா மிச்சம் விழுமே, அந்தத் துண்டளவு."

"மாட்டேன்."

"பட்டம் வந்துட்டா போதும்க்கா. அதோட சரி. அப்புறம் அலைப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன். வரலைன்னா அடுத்த குளிருக்கு மறுபடி போவேன். ஒரு அடில விட்டுட்டு என்னால சும்மா இருக்க முடியாது."

சிகரெட்டைப் பதினோரு தடவை விட்டவன் அவன். ஆனாலும் போவேன் என்று சொன்னால் போய்விடுவான், அதில் மட்டும் அவன் வாக்குத் தவறியதில்லை. மறுபடி போனால் செத்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. இருந்தும் வாய் என்ன சொல்லிற்று என்றால், "பேண்ட்ட மடிச்சு விடு. இப்பவே உன் கண்ணு முன்னாலயே அளக்கறேன். இருக்கறதுதான் இருக்கும்" என்றது.

அளந்தாள். பதினைந்தரை.

நோட்டில் பதினைந்து. மறுபடி அளந்தாள். பதினைந்தரை. டேப்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்தியா, வளந்திருக்கேன்" என்றான் தம்பி.

"நாப்பத்தோரு வயசுல எங்கடா வளந்த?"

"உப்புத் தண்ணி."

எழுதி வைக்கிறேன், போ என்று அவனை விரட்டிவிட்டு அவள் நோட்டைத் திறந்தாள். திறந்ததும் புரிந்துவிட்டது. ரப்பர் இழுபடும். உடம்பைக் கவ்விப் பிடிக்க வேண்டுமானால் உடம்பின் அளவில் அரை அங்குலம் குறைத்து வெட்ட வேண்டும். அந்தக் கழித்தலை அவள் வெட்டும்போது செய்வதில்லை, அளக்கும்போதே மனசுக்குள் செய்துவிடுவாள். கண் பதினைந்தரையைப் பார்க்கும், கை பதினைந்து என்று எழுதும். பதினெட்டு வருடப் பழக்கத்தில் அது அவளுக்கே தெரியாமல் போய்விட்டது. அந்த நோட்டில் ஒருவருடைய காலும் கிடையாது. இருப்பதெல்லாம் ரப்பர் கால். எட்டு வருடமாக உலகம் இந்த ஊர் அலைகளை அவளுடைய ரப்பர் காலால் அளந்துகொண்டிருந்தது.

கர்வமெல்லாம் போய்ச் சேர்ந்தது. கணவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் மெத்தை உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முகம் மலர்ந்தது.

"அப்ப நல்லதாப் போச்சு. கடவுளாப் பாத்து அரை அங்குலம் குடுத்திருக்காரு. உன் தம்பி கால் பதினஞ்சரை. அது பொய்யா? இல்ல. அத எழுதி அனுப்பு. மத்தவங்க கால யாரும் கேக்கலையே."

"டாக்டர் காலும் குறைச்சுதானங்க எழுதியிருக்கேன்."

"அந்தம்மா ஆட்சேபம் பண்ணாங்களா? நீ ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கற?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் அவளை வதைத்தது. ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஏமாற்றலாம். யாருக்கும் தெரியாது. தம்பிக்கு எண்பத்தொன்றரை அடி வரும், பட்டம் வரும், ஆளும் கரையில் இருப்பான். டாக்டரம்மாவுக்கு என்ன குறை? பல் பிடுங்கப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே, பழைய சீருடைக் கணக்குத்தாளின் பின்பக்கத்தில், இரண்டு பேருக்கும் அரை அங்குலம் கூட்டினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தாள். குட்டைக் காலுக்கு அரை அங்குலம் பெரிய வரவு, நெட்டைக் காலுக்குச் சின்ன வரவு. அப்படியும் தம்பியே ஜெயித்துவிட்டால் ஒரு பாவமும் இல்லாமல் பிரச்சினை தீர்ந்துவிடும். பெருக்கி வகுத்தாள். தம்பிக்கு எண்பத்தொன்றரை. டாக்டருக்கு எண்பத்திரண்டே கால். ஒரு அடித் தோல்வி முக்கால் அடித் தோல்வியானதுதான் மிச்சம்.

மூன்று நாள் அவள் மனுஷியாக இல்லை. பசை டப்பாவைத் திறந்தபடி விட்டுக் காய வைத்தாள். ஒரு உடையில் வலது கையை இடது தோளில் ஒட்டினாள். பாறை மேட்டுக்கு வழி கேட்டு வந்த ஒரு ஜோடி, "இன்னிக்குப் பெரிய அலை எத்தனை மணிக்கு வரும்?" என்று பஸ் நேரம் கேட்பதுபோல் கேட்க, "நேத்தே போயிடுச்சு" என்று எரிந்து விழுந்தாள்.

நான்காம் நாள் டாக்டருடைய ரப்பர் உடை பழுதுக்கு வந்தது. முட்டியில் தேய்ந்திருந்தது, ஒட்டுப் போட வேண்டும். மேசை மேல் அந்த உடையின் நீளமான கால் கிடந்தது. பசையைக் கையில் எடுத்தவளால் தடவ முடியவில்லை. எதற்கு இந்த வீம்பு, யார் கேட்டார்கள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தன் தம்பி உயிரைவிட ஊரான் கால் பெரிதா என்றும் கேட்டுக்கொண்டாள். திட்டிக்கொண்டேதான் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பல் மருத்துவமனையில் அப்போது நோயாளி யாரும் இல்லை. விஷயத்தை நின்றபடியே சொல்லி முடித்தாள். டாக்டர் போய் நோயாளிகள் படுக்கிற நாற்காலியில் தானே படுத்து, காலை நீட்டினாள்.

பதினேழரை. நோட்டில் பதினேழு.

"இத நீங்க சொல்லாம இருந்திருந்தா?" என்று டாக்டர் கேட்டாள்.

"தம்பி ஜெயிச்சிருப்பான்."

"சொன்னா?"

"நீங்க ஜெயிப்பீங்க. அவன் அடுத்த குளிருக்கு மறுபடி போவான்."

டாக்டர் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குப் பரவாயில்லன்னு சொல்லணும்னு ஆசையா இருக்குக்கா. ஆனா பரவாயில்லாம இல்ல. அன்னிக்கு நானும் சாகப் பாத்தேன். அந்த எண்பது அடிய வச்சுத்தான் நான் தினமும் நாலு பேர் வாய்நாத்தத்த சகிச்சுக்கிறேன்."

"நான் உங்ககிட்ட விட்டுக்குடுக்கச் சொல்லி வரல டாக்டர்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"அளவு தப்பா இருந்துச்சு" என்றாள் அவள். வேறு காரணம் அவளிடம் இல்லை.

எட்டு வருடத்துக் கால்கள் அத்தனைக்கும் அரை அங்குலம் கூட்டி, தப்பு தன்னுடையது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தாள். தபால் நிலையத்தில் மத்தியானம் ஆள் இல்லாததால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை திரும்பிப் போகக் கிளம்பினாள்.

பட்டம் டாக்டருக்கே என்று குழுவின் பதில் வந்த அன்று தம்பி கடைக்குள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றான்.

"எல்லாருக்கும் கூட்டுன. எனக்கு மட்டும் கூட்டியிருக்கலாம்."

"அது தப்புடா."

"தப்புதான். எனக்காக ஒரு தப்பு பண்ணக் கூடாதா நீ?"

அவன் போய்விட்டான். பேனரைக் கழற்றியவர்கள் அதை அவள் கடை வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். வீட்டுக்குள் இருக்கிறவனுக்கு ஒரு அரை அங்குலம் தராதவள் என்று ஊர் பேசிற்று. முகத்துக்கு நேரே பேசியவர்களுக்கு அவள் சுடச்சுடக் கொடுத்தாள். கோடை முழுக்கத் தம்பி பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் கேட்காத காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தான். அவன் அதற்கு அந்தக் காதைப் பயன்படுத்தியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அளவு நோட்டில் இப்போது உடம்புக்கு ஒரு பத்தி, ரப்பருக்கு ஒரு பத்தி என்று கோடு போட்டிருந்தாள். அதைப் பார்த்து மெச்சிக்கொள்ள மனசு வரவில்லை. செய்தது சரி என்று தெரிந்தும் ஒவ்வொரு நாளும் வருத்தப்பட்டாள்.

குளிர் வந்தது. வானொலியில் முதல் பெரிய அலையை அறிவித்த காலையில் அவள் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது, தெருவில் தம்பி பலகையோடு இறங்கி வந்தான். உடம்பில் ஒரு ரெடிமேட் ரப்பர் உடை. அவளிடம் கேட்கக் கூடாது என்று எங்கோ வாங்கியிருக்கிறான். பெரிய கம்பெனி உடைதான், நெஞ்சில் பளபளவென்று எழுத்து. ஆனால் நெட்டைக்காலனுக்கு வெட்டியது. நெஞ்சில் பிதுங்கி, முட்டியில் தொங்கி, கணுக்காலில் நாலு மடிப்பு விழுந்திருந்தது. முட்டியில் அவ்வளவு இடம் இருந்தால் பனித்தண்ணீர் உள்ளே புகுந்து தேங்கும். பத்து நிமிஷத்தில் கால் மரத்துப்போகும். மரத்த காலோடு அந்த அலையில் ஒருவன் எப்படி நிற்பான்?

கூப்பிட்டாள். இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டதால் அவனுக்குக் கேட்கவில்லை. மேசை மேலிருந்த பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள். கேமரா மாட்டிய சுற்றுலாக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, நடுத்தெருவில் மண்டிபோட்டு, கணுக்காலில் கத்தரியை விட்டு உடையை முட்டிவரை ஒரே இழுப்பில் கிழித்தாள்.

தம்பி பலகையைக் கீழே போட்டான். "இப்படிப் பண்ணா நான் போக மாட்டேன்னு நினைக்கிறியா? வேற வாங்கிட்டுப் போவேன்."

"போவ. தெரியும். கடைக்குள்ள வா, இதக் கழட்டு. நான் தச்சுத் தரேன். மூணு நாள் ஆகும்."

"இன்னிக்கு அலை இருக்கு."

"அப்பவும் இருக்கும். கடல் எங்க ஓடிடப் போகுது."

கிழிந்த காலோடு அவன் குளிரில் நின்றான். பிறகு பலகையை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தான். கடைக்குள் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றவனின் கால்மாட்டில் அவள் டேப்போடு உட்கார்ந்தாள். டேப்பின் நுனியை முட்டியில் வைத்தாள், நழுவியது. மறுபடி வைத்தாள்.

"அழறியாக்கா?"

"ஆமா."

"எதுக்கு?"

"நீ செத்துடுவியோன்னு பயமா இருக்குடா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"அப்ப போகாம இரேன்."

"கோடை பூரா போகாம இருந்து பாத்தேன்க்கா. முடியல" என்றான்.

அவன் புளுகவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, கால ஆட்டாம நில்லு" என்றாள்.